இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை: எங்கே காட்டுவது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். பையனுக்கு இரண்டரை வயது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பேச்சும் வரவில்லை. பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருக்கிறான். "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார். ஆட்டிசமா? தனியாரில் காட்ட வசதியில்லை.

பதில்: மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, தாமதமாகப் பேசிய பிள்ளைகள் நிறைய உண்டு. ஆனால் நான் பேச்சைவிட விரலைத்தான் கவனிப்பேன். தண்ணீர் வேண்டுமென்றால் பாட்டிலைச் சுட்டிக் காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இல்லை, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் பாட்டில்மேல் வைக்கிறானா? பேச்சு மட்டும் தாமதமான பிள்ளை பெரும்பாலும் கையாலும் கண்ணாலும் காரியத்தைச் சாதித்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் நாலு வயதுவரை காத்திருக்க வேண்டாம்.

முதலில் காது. மிக்சி போட்டால் காதைப் பொத்துகிறான், அதனால் கேட்கிறது என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் போவதுண்டு. ஸ்டான்லி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே. குழந்தைகள் பிரிவு ஓ.பி.யில் சீட்டுப் போட்டு, காது பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பெரா டெஸ்ட் (ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது) எழுதினால் ஒரு விஷயம்: பிள்ளை தூங்கும்போதுதான் எடுப்பார்கள். போகிற வழியில் ஆட்டோவில் தூங்கவிட்டால் சரியாக டெஸ்ட் நேரத்தில் விழித்துக்கொள்வான்!

அப்புறம் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை. அங்குள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் வளர்ச்சிக் குறைபாடுகளை இலவசமாகப் பார்க்கிறார்கள். பையன் அங்கன்வாடிக்குப் போனால், பிள்ளைகளைப் பரிசோதிக்க அங்கே வரும் அரசு மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அனுப்பிவைப்பார்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனம் இருக்கிறது. நல்ல இடம், ஆனால் தண்டையார்பேட்டையிலிருந்து போய்வர ஒரு நாள் போய்விடும். ஒருமுறை மதிப்பீட்டுக்குப் போகலாம். வாரா வாரம் தெரபிக்கு வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பதே மேல், பாதியில் நிற்காது.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசம் இருக்கிறதா என்று சொல்லாது. உங்களிடம் கேள்வி கேட்டும் பிள்ளையைப் பார்த்தும்தான் முடிவு செய்வார்கள். புது இடத்தில் அவன் அழுதுகொண்டிருந்தால் டாக்டருக்கு என்ன தெரியும்? அதனால் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ மூன்று எடுத்துப் போங்கள்: தனியாக விளையாடுவது, சாப்பிடுவது, பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது.

'ஆட்டிசம்' என்று எழுதித் தரும்வரை தெரபியைத் தள்ளிப்போட வேண்டாம். பேச்சுப் பயிற்சியை இப்போதே கேளுங்கள். வீட்டிலும் பாட்டிலை உடனே கொடுக்காமல் உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, "தண்ணி" என்று சொல்லி நாலைந்து நொடி காத்திருங்கள். ஒரு பார்வையோ சத்தமோ வந்ததும் கொடுத்துவிடுங்கள். அழவிட வேண்டாம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று யாராவது லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அது பயன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

உறுதியானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள், 70 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆட்டிசம் என்று கணக்கு. சான்றிதழ் கிடைத்தால் மத்திய அரசின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை, தெரபி செலவும் அதில் சேரும். அதனால் முதல் ஓ.பி. சீட்டிலிருந்து ஒரு தாளையும் தூக்கிப் போடாமல் ஒரே ஃபைலில் வையுங்கள்.