கான்கிரீட் எங்கே வளர்கிறது?

வணக்கம் சார்,

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பெயர்ச்சொல் பாடத்தில் 'கான்கிரீட் நவுன்' வருகிறது. சிமென்ட் கான்கிரீட் மாதிரி கெட்டியாக, தொட்டுப் பார்க்க முடிகிற பொருள், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்லி வந்தேன். போன வாரம் ஒரு பையன், "அப்போ பால், காத்து எல்லாம் என்ன மிஸ்?" என்று கேட்டுவிட்டான். அகராதியைப் பார்த்தால், 'சேர்ந்து வளர்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் என்று போட்டிருக்கிறது. கான்கிரீட் எங்கே சார் வளர்கிறது? இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா, குழப்பிவிடுமா?

ஒரு வாசகி, திருச்சி

வணக்கம்.

தாராளமாகச் சொல்லுங்கள். அந்தப் பையனின் கேள்விக்கு நேரான பதிலே அந்த வேரில்தான் இருக்கிறது.

முதலில், சிமென்ட்டிலிருந்து இலக்கணத்துக்கு வந்த சொல் அல்ல இது. தர்க்கத்திலும் இலக்கணத்திலும் வழங்கிய 'கான்கிரீட்' 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. கட்டடக் கலவைக்கு அந்தப் பெயர் வந்தது 1830களில். உங்கள் வகுப்பறைக் கான்கிரீட்தான் நானூறு வருஷத்துக்கு மேல் மூத்தது.

லத்தீனில் 'கிரெஸ்கெரே' என்றால் வளர்தல். அதன் முன்னால் 'சேர்ந்து' என்கிற 'கோன்' ஒட்டினால் 'கோன்கிரெஸ்கெரே'. தனித்தனியாகக் கிடந்தவை ஒன்றாகக் கூடி, இனிப் பிரிக்க முடியாதபடி உறைவது, கட்டிபடுவது, திரள்வது எல்லாவற்றுக்கும் அதைச் சொன்னார்கள். ட்ராய் நகரம் விழும் இரவில், ஏற்கெனவே மாண்டுபோன அந்நகர வீரன் ஹெக்டர் கனவில் வந்து நிற்கும்போது அவன் முடி ரத்தம் உறைந்து சடையாகிக் கிடந்தது என்று சொல்ல ரோமானியக் கவிஞர் வெர்ஜில் இந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். அவரே இன்னோர் இடத்தில் உறைந்த பாலுக்கும் இதே சொல்லைப் போடுகிறார், ஆக உங்கள் பையன் கேட்ட பாலுக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இதில் இடம் இருந்திருக்கிறது!

இலக்கணத்துக்கு இது வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. இடைக்கால ஐரோப்பாவின் தர்க்க ஆசிரியர்கள் 'வெள்ளை', 'வெண்மை' என்ற இரண்டையும் எதிரெதிரே வைத்து யோசித்தார்கள். வெள்ளை என்றால் வெள்ளையாக இருக்கும் ஏதோ ஒன்று, மாடோ சுவரோ துணியோ. குணமும் அதைத் தாங்கும் பொருளும் அதில் ஒன்றாக வளர்ந்து கிடக்கின்றன, எனவே அது கான்கிரீட். வெண்மை அப்படி இல்லை, மாட்டை விட்டுவிட்டு அதன் நிறத்தை மட்டும் மனசுக்குள் உரித்து எடுத்தது, எனவே அது 'அப்ஸ்ட்ராக்ட்'. 'அப்ஸ்ட்ராக்ட்' என்பதற்கு லத்தீனில் இழுத்துப் பிரித்தது என்றே பொருள். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக் கட்டாயம் புரியும், ஏனென்றால் மாட்டிடமிருந்து வெண்மையைக் கையால் எடுத்துக் காட்டு என்றால் எந்தப் பிள்ளையாலும் முடியாது, யோசிக்க மட்டும்தான் முடியும். காற்றும் பாலும் கெட்டியாக இல்லாவிட்டாலும் கான்கிரீட் ஆவது இதனால்தான். தொட்டால் தெரிவது, கண்ணால் காண்பது என்பதெல்லாம் அப்புறம் பள்ளிக்கூடத்துக்காக வசதியாகச் சுருக்கிய வரையறை.

சரி, கட்டடத்துக் கான்கிரீட் எங்கே வளர்கிறது? உண்மையாகவே வளர்கிறது. கலவை காய்ந்து இறுகுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. சிமென்ட் தண்ணீரோடு வினைபுரியும்போது ஒவ்வொரு துகளின் மேலும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற புதுப்பொருள் மிக நுண்ணிய இழைகளாக முளைத்து நீண்டு, பக்கத்துத் துகளிலிருந்து வருவதோடு பின்னிக்கொண்டு, நடுவில் இருக்கும் மணலையும் ஜல்லியையும் பிடித்துக்கொள்கிறது. தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இதற்காகத்தான். தண்ணீர் தீர்ந்தால் வளர்ச்சியும் நின்றுவிடும். 28 நாள் கழித்து வலிமையைச் சோதிக்கிறார்கள், அதற்குப் பிறகும் மெதுவாக ஏறிக்கொண்டுதான் இருக்கும். சிமென்ட் இறுகும்போது படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன என்று பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாத்தெலியே தம் ஆய்வேட்டில் விளக்கியது 1887இல், அதாவது பெயர் வந்து அரை நூற்றாண்டு கழித்து. பெயர் வைத்தவர்கள் கட்டிபட்ட பொருள் என்ற அளவில்தான் வைத்தார்கள், ஆனால் உள்ளே நடப்பதற்கும் அது அச்சாகப் பொருந்திவிட்டது.

இத்தனைக்கும் 43 மீட்டர் அகலத்தில் ரோம் நகரத்துப் பழைய கோயிலான பாந்தியனின் கூரையைக் கம்பியே இல்லாமல் வார்த்த ரோமானியர்கள் தங்கள் கலவையை இந்தப் பெயரால் அழைக்கவில்லை. 'ஓபுஸ் கயெமெந்திகியும்' என்றார்கள். அதில் வரும் 'கயெமெந்தும்' உடைகல்லைக் குறிக்கும், ஏறக்குறைய நம் ஜல்லி. அந்தச் சொல்தான் பிறகு சிமென்ட் ஆனது.

இன்னொரு கான்கிரீட்டும் உண்டு, அதையும் வகுப்பில் சொல்லுங்கள். மல்லிகையிலிருந்து வாசனைச் சாறு எடுக்கும் ஆலைகள் நம் ஊரிலேயே இருக்கின்றன. பூவை ஹெக்சேன் போன்ற கரைப்பானில் ஊறவைத்து, கரைப்பானை ஆவியாக்கியதும் மிஞ்சும் மெழுகுக் கட்டிக்கு அந்தத் தொழிலில் பெயர் கான்கிரீட். மெழுகும் மணமும் சேர்ந்து உறைந்தது. அதை ஆல்கஹாலில் கழுவி மெழுகை நீக்கினால் கிடைப்பது 'அப்சலூட்'. மணக்கிற, விரலால் அழுத்தினால் குழைகிற கான்கிரீட் என்று கேட்டால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

லத்தீனில் சேர்ந்து வளர்வதற்கு இன்னொரு வினையும் இருந்தது, 'கோஅலெஸ்கெரே'. காயம் கூடுவதற்கும் ஒட்டுக்கிளை பிடிப்பதற்கும் அதைச் சொல்வார்கள். செய்தியில் தினமும் கேட்கிற 'கோயலிஷன்', அதாவது கூட்டணி, அதன் பிள்ளை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: வேர் தெரிந்தால் பொருள் தெரிந்துவிடும் என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடக் கூடாது. 'க்ரூ', 'ரெக்ரூட்' இரண்டும் அதே 'வளர்' வேரிலிருந்து வந்தவை, படைக்குப் புதிதாகச் சேர்ந்து பெருகும் ஆட்கள் என்ற வழியில். அதற்காகக் கப்பல் சிப்பந்திகளைப் பற்றிப் பேசும்போது யாரும் வளர்ச்சியை நினைப்பதில்லை. வேர் ஒரு சொல் எந்த வழியாக வந்தது என்று காட்டும், இன்று எங்கே நிற்கிறது என்பதைப் பேசுகிறவர்கள் வாயிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வில் புத்தகத்து வரையறையையே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் போகக் கூடாது. அந்தப் பையனிடம் மட்டும் மேலே சொன்னதை முழுசாகச் சொல்லுங்கள்.