ஆரல்: விகன் பக்கத்துச் சிற்றூர் ரக்பி கிளப் பற்றிய கேள்வி பதில்

கே: ஆரல் எங்கே இருக்கிறது? இவ்வளவு சின்ன ஊரிலிருந்து முதல் டிவிஷன் ரக்பி கிளப் எப்படி வந்தது?

ப: இங்கிலாந்தின் வடமேற்கில், விகன் நகரத்தை ஒட்டி, எம்6 நெடுஞ்சாலையின் 26ஆம் சந்திப்பருகே இருக்கிறது. கிளப் தொடங்கியது 1927இல், புகழ்பெற்ற காலத்து மைதானம் எட்ஜ் ஹால் ரோடு. 1970களில் நாக்-அவுட் கோப்பையில் இவர்களிடம் தோற்ற லண்டனின் ஹார்லெக்வின்ஸ் அணியை, ‘நெடுஞ்சாலை ஓரத்து வண்டி நிறுத்துமிடத்திடம் தோற்றவர்கள்’ என்று கேலி செய்வார்கள். ஆரல்காரர்களுக்கு அந்தக் கேலி ரொம்பப் பிடிக்கும்.

எப்படி வந்தது என்பதற்கு விகனைப் பார்க்க வேண்டும். ரக்பியில் இரண்டு வகை உண்டு: ஆரல் ஆடும் யூனியன் (அணிக்கு 15 பேர்), லீக் (அணிக்கு 13 பேர்). விகன் லீக்கின் கோட்டை. 1895 ஆகஸ்டில் ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி யூனியனை விட்டுப் பிரிந்த வடக்குக் கிளப்புகளில் விகனும் ஒன்று. பிரிவினைக்குக் காரணம் கூலிப் பிரச்சினை. சனிக்கிழமை ஆட்டத்துக்காக வேலையை விடும் சுரங்க, ஆலைத் தொழிலாளிக்கு, இழந்த கூலியை ஈடுகட்டலாமா கூடாதா? தெற்கு கூடாது என்றது. அப்புறம் அந்தப் பகுதியில் பிள்ளைகள் நீள்வட்டப் பந்தோடுதான் வளர்ந்தார்கள். தெருவில் பெரும்பாலும் லீக், கிராமர் பள்ளிகளில் (தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளிகள்) யூனியன். பந்தைக் கையாளத் தெரிந்த பையன்களுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆரல் அவர்களை யூனியன் பக்கம் வைத்துக்கொண்டது. வெளியூரிலிருந்து ஆள் வாங்க வேண்டிய தேவை குறைவு.

கே: அப்படியென்றால் லீக் கிளப்புகள் ஆளைத் தூக்கிக்கொண்டு போகவில்லையா?

ப: போனார்கள். 1987 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு ஆடிய பீட்டர் வில்லியம்ஸ் சால்ஃபோர்டுக்கும், விங் ஆட்டக்காரர் நைஜல் ஹெஸ்லப் ஓல்டமுக்கும் போனார்கள். 1995 வரை லீக்கில் பணம் வாங்கி ஆடியவர் யூனியனுக்குத் திரும்ப முடியாது, ஆயுள் தடை. அதனால் ஒவ்வொரு இழப்பும் நிரந்தர இழப்பு. இன்னொரு விங் ஆட்டக்காரர் ஜான் கார்ல்டன் யூனியனிலேயே இருந்து, 1980இல் கிராண்ட் ஸ்லாம் (அந்த ஆண்டின் ஐந்து நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டமும் வெற்றி) கண்ட இங்கிலாந்து அணியில் ஸ்காட்லாந்துக்கு எதிராக மூன்று ட்ரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து எடுக்கும் புள்ளி) போட்டார்.

கே: 1991-92இல் ஆரல் ஒரு புள்ளியில் பட்டத்தை இழந்தது என்கிறார்கள். அட்டவணையில் பாத் அணியும் ஆரலும் 20 புள்ளியில் சமமாக நிற்கிறதே?

ப: இரண்டும் சரி. ‘ஒரு புள்ளி’ என்பது அட்டவணைப் புள்ளி அல்ல, ஒரு ஆட்டத்தின் வித்தியாசம்.

அப்போது யூனியனின் முதல் டிவிஷனில் 13 அணிகள். ஒவ்வொன்றும் மற்றொன்றோடு ஒரே ஒரு முறைதான் மோதும், ஆக 12 ஆட்டம். வெற்றிக்கு 2, டிராவுக்கு 1, போனஸ் புள்ளி கிடையாது. ஆரல் 10 வெற்றி, 2 தோல்வி. பாத் 10 வெற்றி, ஒரு டிரா, ஒரு தோல்வி என 21 வரவேண்டும், தகுதியில்லாத ஆட்டக்காரரை இறக்கியதற்காக ஒன்று வெட்டப்பட்டது. சமநிலையில் பெற்ற, கொடுத்த புள்ளி வித்தியாசத்தால் பாத் சாம்பியன்.

அந்த ஏப்ரலில் ஆரல் சொந்த மைதானத்தில் வாஸ்ப்ஸ் அணியிடம் 13-12 என்று தோற்றது. அது டிரா ஆகியிருந்தாலே ஆரல் 21, பாத் 20. ஆனால் பாத்துக்கு அந்த வெட்டு விழாமல் இருந்திருந்தால் டிராவும் ஆரலுக்குப் போதாது. ‘பட்டம் திருடப்பட்டது’ என்று பேசுபவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

கே: எங்கள் குடும்பத்தில் ஒருவர் வடக்கு இங்கிலாந்தில் 1960களில் ஆடியிருக்கிறார். பழைய ஸ்கோர்களை இன்றைய கணக்கோடு ஒப்பிட முடியுமா?

ப: முடியும், ட்ரை எண்ணிக்கை தெரிந்தால். ட்ரைக்கு 1971 வரை 3, அதன்பின் 4, 1992 இலையுதிர்காலத்திலிருந்து 5. கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 2, பெனால்டி (எதிரணியின் விதிமீறலுக்குக் கிடைக்கும் உதை) 3, இந்தக் காலம் முழுக்க மாறவில்லை. டிராப் கோல் (ஆட்டத்தினிடையே பந்தைத் தரையில் விட்டு உதைப்பது) 1948 வரை 4, பிறகு 3.

உதாரணத்துக்கு 2 ட்ரை, 1 கன்வர்ஷன், 1 பெனால்டி: 1965இல் 11, 1980இல் 13, 1995இல் 15.

ஸ்கோரை மட்டும் வைத்துக்கொண்டு ட்ரையைக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். 1971க்கு முன் ட்ரை, பெனால்டி, டிராப் கோல் மூன்றுமே 3 என்பதால் 9-6 என்ற ஸ்கோருக்குப் பல விடைகள் உண்டு. பத்திரிகையில் யார் எதை அடித்தார் என்ற வரி தேவை.

கே: தேடும்போது எங்கே தவறு வரும்?

ப: மூன்று இடத்தில். முதலாவது, ஆண்டு. சீசன் செப்டம்பரில் தொடங்கி அடுத்த வசந்தத்தில் முடியும். ‘1971’ என்று மட்டும் குறித்தால் எந்த விதியில் ஆடியது என்பதே தெரியாது. ‘1970-71’ என்று எழுதுங்கள்.

இரண்டாவது, அணி. ஒரே கிளப்புக்கு முதல் பதினைந்து, ‘ஏ’, ‘பி’ எனப் பல அணிகள் ஒரே சனிக்கிழமை ஆடும். உள்ளூர்ப் பத்திரிகையில் பொடி எழுத்தில் வரும் ஸ்கோர் இரண்டாம் அணியுடையதாக இருக்கலாம். எதிரணி ஊரின் பத்திரிகையையும் பாருங்கள், குழப்பம் பெரும்பாலும் அங்கே தெளியும்.

மூன்றாவது, யூனியனுக்கு 1987க்கு முன் தேசியப் புள்ளி அட்டவணையைத் தேடுவது. அப்படி ஒன்று இல்லை. பெரும்பாலானவை நட்பு ஆட்டங்கள், அதோடு கவுன்டிக் கோப்பை, 1971-72இலிருந்து தேசிய நாக்-அவுட், பிறகு சில மெரிட் பட்டியல்கள் (ஆட்ட முடிவுகளை வைத்துக் கிளப்புகளை வரிசைப்படுத்தியவை). அந்த ஆண்டுகளில் ஒரு கிளப்பின் தரத்தை அளக்க அதன் ஆட்டப் பட்டியலைப் பாருங்கள். பெரிய கிளப்புகள் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப ஆட ஒப்புக்கொண்டிருந்தால், அது தரமான அணி. கிளப்பின் அச்சிட்ட ஆட்ட அட்டை கிடைத்தால் பத்திரமாக ஸ்கேன் செய்யுங்கள்.

கே: இவ்வளவு பலமான கிளப் ஏன் விழுந்தது?

ப: 1995 ஆகஸ்டில் யூனியனும் சம்பள ஆட்டமாக அறிவிக்கப்பட்டது. நியூகாசிலை சர் ஜான் ஹாலும், சாரசென்ஸை நைஜல் ரேயும் பணத்தோடு எடுத்துக்கொண்டார்கள். ஆரலுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. சின்ன மைதானம், சின்ன ஊர், நுழைவுச்சீட்டிலும் மதுக்கூட வருமானத்திலும் சம்பளம் கொடுக்க முடியாது. ஆரல் ஆட்டக்காரர் ஆஸ்டின் ஹீலி 1996இல் லெஸ்டர் போனார். 1996-97இல் வெஸ்ட் ஹார்ட்லிபூலோடு சேர்ந்து ஆரலும் தரமிறக்கப்பட்டது.

கொடுமை என்னவென்றால், அதே குளிர்காலத்தில் பக்கத்து விகனின் லீக் நட்சத்திரங்கள் யூனியன் ஆடினார்கள், ஆரலில் அல்ல. ஜேசன் ராபின்சனும் ஹென்றி பாலும் பாத்துக்கு, கேரி கானலி ஹார்லெக்வின்ஸுக்கு. தடை நீங்கியபோது பலன் அடைந்தது காசுள்ளவர்கள்.

கே: டேவ் வீலன் வந்து காப்பாற்றவில்லையா?

ப: சில ஆண்டு. அப்போது விகனின் கால்பந்து அணி, ரக்பி லீக் அணி இரண்டுக்கும் உரிமையாளராக இருந்த அவர் பணம் போட்டதும் அணி மேலேறியது. 2003-04இல் இரண்டாம் அடுக்கில் ஊஸ்டருக்கு அடுத்த இடம். பிறகு அவர் விலகினார், அடுத்த சீசனே தரமிறக்கம், அதன்பின் தொடர் சரிவு. அமெச்சூர் காலத்தில் ஐந்து ஆட்டக்காரர் போனால் அடுத்த பள்ளியிலிருந்து ஐந்து பேர் வருவார்கள். சம்பளப் பட்டியல் அப்படி நிரம்பாது.

கே: இன்றைக்கு இந்த மாதிரி சிற்றூர்க் கிளப்புகள் எதில் ஓடுகின்றன?

ப: ஞாயிறு காலைச் சிறுவர் பிரிவில். 7, 8 வயதுக்குட்பட்டோர் இடுப்புப் பட்டையில் தொங்கும் துணியைப் பிடுங்கும் ‘டேக்’ ஆட்டம், 9 வயதுப் பிரிவில் டாக்கிள் (பந்து வைத்திருப்பவரைப் பிடித்து வீழ்த்துவது) தொடங்கும். பிள்ளையோடு பெற்றோர் வருவார்கள், சந்தாவும் சமையலறை விற்பனையும் அங்கிருந்துதான். மண்டப வாடகை, மைதான ஓர விளம்பரப் பலகை அடுத்தபடி. முதல் அணிக்கு ஆள் திரட்டுவதிலேயே முழுக் கவனமும் வைத்து இந்தப் பிரிவை விட்டுவிடும் கிளப்பில், பத்து ஆண்டு கழித்து இரண்டாம் அணிக்குப் பதினைந்து பேர் தேறமாட்டார்கள்.