டிஸ்னியின் கைவிடப்பட்ட ரிவர் கன்ட்ரி நீர்ப் பூங்காவுக்குள் போய்ப் பார்த்திருக்கிறீர்களா?

உள்ளே போனதில்லை, வேலி வரைக்கும்தான். இனி அதற்கும் வழியில்லை, 2019-இல் இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் பார்த்தது 2015-இல். ஃபுளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்டின் வில்டர்னஸ் லாட்ஜிலிருந்து ஃபோர்ட் வில்டர்னஸ் முகாமுக்கு மரங்களுக்கு நடுவே ஒரு நடைபாதை போகும், அதை ஒட்டி ஒரு பச்சை வேலி. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். நிஜப் பாறை மாதிரியே செய்த செயற்கைப் பாறைகள், அதன் மேல் கொடி, கொடிக்கு மேல் கொடி. அந்தப் பக்கம் இப்படி என்றால் இந்தப் பக்கம் குழந்தைகள் சைக்கிளில் போகிறார்கள், ஏரியில் படகு ஹாரன் அடிக்கிறது! பாழடைந்த இடம் என்றாலே ஊருக்கு வெளியே ஆளில்லாத காடு என்று நினைத்திருந்த எனக்கு அதுதான் விசித்திரமாக இருந்தது.

1976-இல் திறந்த பூங்கா இது. கிராமத்துப் பிள்ளைகள் குதித்து விளையாடும் மடு மாதிரி இருக்க வேண்டும் என்பது யோசனை, அதனால் அடியில் மணல், தண்ணீர் பே ஏரியிலிருந்தே. அந்தத் தண்ணீரை வடிகட்டி உள்ளே விட்டு, உள்மட்டத்தை ஏரியைவிடக் கொஞ்சம் உயரமாகவே வைத்திருந்தார்கள். மிஞ்சியது ஏரிக்கு வழியுமே தவிர ஏரித் தண்ணீர் நேராக உள்ளே வராது. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனாலும் 1980-இல் அங்கே குளித்த 11 வயதுப் பையன் ஒருவன் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்துபோனான். வெதுவெதுப்பான நன்னீரில் இருக்கும் கிருமி அது, மூக்கு வழியாகத்தான் ஏறும்.

"அதனால்தான் மூடினார்கள்" என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். கணக்கு இடிக்கிறதே, அதற்கப்புறமும் 21 வருஷம் ஓடியதே! என் கணிப்பில், 1989-இல் டைஃபூன் லகூன், 1995-இல் ப்ளிசார்ட் பீச் என்று அங்கேயே பெரிய நீர்ப் பூங்காக்கள் வந்தபிறகு இந்தச் சின்ன இடத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. 2001 நவம்பரில் குளிர்காலத்துக்கு என்று மூடியது, மூடியதுதான்.

அதே ஏரியில் டிஸ்கவரி தீவு என்று இன்னொரு கைவிட்ட இடம் உண்டு, 1999-இல் மூடியது. வேலி தாண்டும் ஆசை இருந்தால் ஒன்று சொல்கிறேன். 2020-இல், கொரோனாவுக்காக எல்லாம் மூடிக் கிடந்த நேரத்தில், ஒருவர் அங்கே போய் முகாம் போட்டுத் தங்கினார். போலீஸ் படகிலும் ஹெலிகாப்டரிலும் தேடி, ஒலிபெருக்கியில் கூப்பிட்டுப் பார்த்துப் பிடித்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை என்றாராம்.