முட்டையின் மஞ்சள் கருவை ஒதுக்க வேண்டுமா?

கொலஸ்ட்ரால் ஏறிவிடும் என்று பயந்து மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலானோருக்கு அது தேவையே இல்லை.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பது உண்மைதான். ஆனால் நமக்கு வேண்டிய கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே, முக்கியமாகக் கல்லீரல், தயாரித்துக்கொள்கிறது. சாப்பாட்டில் அது கூடினால், பலருக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது, வெண்ணெய் போன்றவற்றில் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு. அதனால் முட்டையை விட, அதைப் பொரிக்க எவ்வளவு வெண்ணெய் போடுகிறீர்கள் என்று பாருங்கள். 2015-2020 அமெரிக்க உணவு வழிகாட்டியிலேயே கொலஸ்ட்ராலுக்கு இருந்த ‘நாளுக்கு 300 மில்லிகிராம்’ என்ற பழைய வரம்பை எடுத்துவிட்டார்கள்.

அப்புறம், வைட்டமின் டி, கோலின் ஆகிய சத்துகள் எல்லாம் மஞ்சள் கருவில்தான் இருக்கின்றன. சர்க்கரை நோயோ பரம்பரையாக வரும் கொலஸ்ட்ரால் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.