அப்பா அம்மாவுடன் ஐரோப்பா: ஷெங்கன் விசாவுக்கு எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மே மாதம் அப்பா, அம்மாவைப் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றுக்கும் பன்னிரண்டு நாள் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மூவருக்கும் இதுவே முதல் ஐரோப்பியப் பயணம். விசாவுக்கு என்னென்ன தேவை? முகவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்:

2024 மே மாதம் நானும் இதே மூன்று நாடுகளுக்கு என் பெற்றோரை அழைத்துச் சென்றேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அம்மா இல்லத்தரசி. முகவர் இல்லாமல் மூவருக்கும் நானே விண்ணப்பித்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: இணையத்தில் கிடைக்கும் ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் தேதிகளை எழுதுவதில் தொடங்குங்கள். எந்தத் தேதியில் எந்த ஊர், இரவு எங்கே தங்கல், அடுத்த ஊருக்கு ரயிலா விமானமா என்று நாள்வாரியாக எழுதுங்கள். விண்ணப்பத்தைப் படிக்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. டிக்கெட், ஹோட்டல், காப்பீடு, விடுப்புக் கடிதம் எல்லாம் அந்த ஒரே தாளோடு ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் அவரால் பார்க்க முடியும்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதும் அந்தத் தாளிலிருந்தே தெரிந்துவிடும். ஷெங்கன் என்பது தங்களுக்குள் எல்லைச் சோதனை வேண்டாம் என்று ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் பகுதி. அதில் இப்போது 29 நாடுகள் இருக்கின்றன. ஒரு விசாவே எல்லாவற்றுக்கும் போதும். ஆனால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் சம நாள் என்றால் முதலில் கால் வைக்கும் நாடு. நாங்கள் பாரிஸில் நான்கு இரவு, லூசர்னில் இரண்டு, இத்தாலியில் ஐந்து இரவு தங்கினோம். விமானம் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான். வேறொரு நாட்டுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது என்பதற்காகத் தங்கும் நாட்களை மாற்றிக் காட்டச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய்யான பயணத் திட்டம் பிடிபட்டால் அடுத்த விண்ணப்பத்தையும் அது பாதிக்கும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாள் வரை எடுத்துக்கொள்வார்கள். மே மாதம் பள்ளி விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும் என்பதால் ஜனவரியிலேயே நேரம் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட் நீங்கள் ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். கட்டணம் நாங்கள் கட்டியபோது 80 யூரோ. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 45, அதற்கும் சிறிய குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. தூதரகத்துக்காக விண்ணப்பங்களை வாங்கும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்ப வராது.

எங்களுக்கு நேர்ந்த தவறு காப்பீட்டில். ஷெங்கன் நாடுகள் முழுவதும் செல்லுபடியாகும், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நான் மே 9 முதல் 20 வரை எடுத்திருந்தேன். ஹோட்டலைக் காலி செய்வது 20ஆம் தேதி. ஆனால் ரோமிலிருந்து எங்கள் விமானம் புறப்படுவது நள்ளிரவு கடந்து 12.20க்கு, அதாவது 21ஆம் தேதி. இருபதாம் தேதி இரவு கிளம்புகிறோம் என்றே வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால் என் கண்ணில் அது படவே இல்லை. மையத்தில் இருந்த பெண் டிக்கெட்டையும் காப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு தேதிகளையும் பென்சிலால் வட்டமிட்டு என் பக்கம் திருப்பினார். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, ஒரு நாள் நீட்டித்த காப்பீட்டை அச்செடுக்க வெயிலில் தெருத் தெருவாக ஜெராக்ஸ் கடை தேடினேன். பயண நாட்களைக் கணக்கிடும்போது இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே சேரும். நாங்கள் பன்னிரண்டு நாள் என்று சொல்லிக்கொண்டிருந்த பயணம் உண்மையில் பதின்மூன்று நாள். உங்கள் பன்னிரண்டையும் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

அடுத்தது பணம். கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பணம் எப்படி வந்தது என்பதும் அதே அளவு முக்கியம். என் சித்தப்பா ஒருவருக்கு முதல்முறை விசா மறுக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் வாரத்தில் அவர் கணக்கில் ஆறு லட்சம் மொத்தமாக வந்திருந்தது. ஊரில் இருந்த நிலத்தை விற்ற பணம், நேர்மையான பணம்தான். ஆனால் அதைச் சொல்லும் ஒரு தாள்கூட விண்ணப்பத்தில் இல்லை. மறுப்புக் கடிதம் என்பது காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்ட ஒரு படிவம். பொருந்தும் கட்டத்தில் குறி போட்டிருப்பார்கள். திரும்பிப் போகும் எண்ணத்தில் சந்தேகம் இருப்பதாகக் குறித்திருந்த அந்தக் கட்டத்தைப் பார்த்து அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. அவர் அப்படிச் செய்யாமல், கிரயப் பத்திரத்தின் நகலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் இணைத்து, முந்தைய மறுப்பை மறைக்காமல் எழுதி மீண்டும் விண்ணப்பித்தார். விசா கிடைத்தது.

பெற்றோரின் செலவை நீங்கள் ஏற்பதானால் அதை ஒரு கடிதமாக எழுதிக் கையெழுத்திடுங்கள். உங்கள் வங்கிக் கணக்கு விவரம், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, அலுவலக விடுப்புக் கடிதம் ஆகியவற்றை அதோடு சேருங்கள். அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறதென்றால் அதையும் காட்டுங்கள். ஊரில் வீடு, வருமானம், காத்திருக்கும் குடும்பம் ஆகியவைதான் அவர்கள் திரும்பி வருவார்கள் என்பதற்கான சான்று. நான் வீட்டு வரி ரசீதையும் வைத்தேன்.

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயர். அம்மாவுக்கு அப்பாவின் பெயர். எனக்கு என் கணவரின் பெயர். ஒரே குடும்பம், மூன்று குடும்பப் பெயர்! இனிஷியல் வழக்கத்தை அறியாத ஒருவர் பார்த்தால் மூன்று அந்நியர்கள் சேர்ந்து பயணம் போவதுபோல இருக்கும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை, தாய், துணைவர் பெயர்கள் இருப்பதால் அந்தப் பக்கத்தின் நகலையும், என் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரின் திருமணச் சான்றிதழையும் இணைத்தேன். முகப்புக் கடிதத்தில், தமிழர்களிடையே தந்தை அல்லது கணவரின் பெயரே குடும்பப் பெயராக எழுதப்படுகிறது என்று இரண்டு வரியில் விளக்கினேன். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஒவ்வோர் எழுத்தும் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும்.

கைரேகைக்கு மூவரும் நேரில் போக வேண்டும். ஒருமுறை கொடுத்தால் 59 மாதங்களுக்குள் விண்ணப்பிக்கும்போது அதையே பயன்படுத்திக்கொள்வார்கள். ஐம்பது ஆண்டு பாத்திரம் தேய்த்து, புளி கரைத்த அம்மாவின் விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருந்தது. கருவி இரண்டு முறை ஏற்கவில்லை. ஊழியர் ஈரத்துணியால் விரலைத் துடைத்து, மெதுவாக அழுத்திப் பிடித்த மூன்றாவது முறைதான் பச்சை விளக்கு எரிந்தது. உங்கள் அம்மாவுக்கும் அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம் என்று முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

முகவரைப் பற்றிக் கேட்டீர்கள். படிவம் நிரப்ப, நேரம் வாங்க அவர் உதவலாம், அதில் தவறில்லை. ஆனால் ‘விசா உறுதி’ என்று விளம்பரம் செய்பவரிடம் போகாதீர்கள். விண்ணப்ப மையத்துக்கே முடிவெடுக்கும் அதிகாரம் கிடையாது; தாள்களை வாங்கித் தூதரகத்துக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிகிறது. முகவர் நிரப்பிய படிவத்திலும் கையெழுத்து உங்களுடையதுதான். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள்.

பாஸ்போர்ட் திரும்பி வந்ததும் விசா ஸ்டிக்கரை நிதானமாகப் படியுங்கள். அதில் ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று ஒன்றும், ‘தங்கும் நாட்கள்’ என்று இன்னொன்றும் இருக்கும். முதல் இடைவெளி கிட்டத்தட்ட ஒரு மாதம் இருந்தாலும் தங்கும் நாட்கள் 13 என்றிருந்தால் 13 நாள்தான். நுழைவு எத்தனை முறை என்பதையும் பாருங்கள். லண்டனில் உறவினர் இருக்கிறார், நடுவில் போய் ஒரு வாரம் தங்கிவிட்டு வரலாம் என்று திட்டமிடுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. அதற்குத் தனி விசா வேண்டும். ஷெங்கன் விசா ஒற்றை நுழைவு என்றால் லண்டன் போனபின் பாரிஸுக்குத் திரும்பவும் முடியாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, அதனால் உங்கள் திட்டத்துக்கு ஒற்றை நுழைவே போதும்.

விசா இருந்தாலும் எல்லையில் கேள்வி கேட்கும் உரிமை அதிகாரிக்கு உண்டு. ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றின் அச்சுப் பிரதியையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்திருங்கள். பாரிஸில் அதிகாரி எத்தனை நாள் என்று கேட்டதும், எனக்கு முன்பாக அம்மா ‘தர்ட்டீன்’ என்று சொல்லிவிட்டார். வீட்டில் அத்தனை முறை எண்ணியிருந்தோம். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாக முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். வரிசை நீளமாக இருக்கலாம் என்பதால், பாரிஸில் இறங்கிய உடனே அடுத்த ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து மூச்சு வாங்க இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.