நுகர்வோர் கேள்வி-பதில்: முதுகைப் பார்க்காமல் புத்தகம் வாங்காதீர்கள்

இந்த முறை புத்தகம் வாங்கி நொந்த மாணவர்களின் கடிதங்கள் மட்டும். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன். கதைச் சுருக்கங்களும் எழுத்தாளர்கள் மீதான கோபமும்தான் முதலில் போயின.

கே: ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் வாங்கிய துப்பறியும் நாவலை இப்போதுதான் பிரித்தேன். 64ஆம் பக்கத்துக்கு அடுத்தது 81. யாரோ செத்துவிட்டார்கள், யாரென்று தெரியவில்லை. பில்லும் இல்லை. மாற்றித் தருவார்களா?
– பி.எஸ்சி. மாணவர், திருச்சி

ப: போனது 65 முதல் 80 வரை, சரியாக 16 பக்கம். புத்தகங்கள் பெரும்பாலும் 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே பெரிய தாளில் 16 பக்கமாக அச்சாகி, மடித்து, வரிசையாக அடுக்கப்பட்டு பைண்டிங்குக்குப் போகும். உங்கள் பிரதியில் ஐந்தாவது ஃபாரத்தை அடுக்க விட்டுவிட்டார்கள். சில பிரதிகளில் அதற்குப் பதிலாக நான்காவது ஃபாரமே இரண்டு முறை வந்துவிடும். தடிமன் சரியாக இருப்பதால் அது படிக்கும்போதுதான் தெரியும். இரண்டுமே தயாரிப்புக் குறை, பதிப்பகத்தின் பொறுப்பு.

64, 81 இரண்டும் எதிரெதிரே தெரியும்படி ஒரு படம், பதிப்பு விவரப் பக்கம் ஒரு படம், பின்னட்டை ஒரு படம் எடுத்து, பதிப்பு விவரத்தில் இருக்கும் எண்ணுக்கு அனுப்புங்கள். ஜிபே செய்திருந்தால் அந்தப் பதிவு பில்லுக்குத் துணை நிற்கும். பெரும்பாலான தமிழ்ப் பதிப்பகங்கள் மறுபேச்சில்லாமல் வேறு பிரதி அனுப்பிவிடும். மறுத்தால் உங்கள் கை கொஞ்சம் பலவீனம்தான். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கு. நீங்கள் பில்லும் கேட்கவில்லை, 30 நாளுக்குள் பிரிக்கவும் இல்லை. ஸ்டாலிலேயே பக்க எண்களை ஒரு தடவை விசிறிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பத்துப் பை தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் கிடைப்பதேயில்லை.

கே: பெரிய விருது வாங்கிய நாவல், எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு 40 பக்கம் தாண்டவில்லை. இணையத்தில் வாங்கியது. திருப்பி அனுப்பலாமா?
– பி.ஏ. மாணவி, நாகர்கோவில்

ப: பிடிக்காமல் போவது பொருளின் குறை ஆகாது. அடுத்த முறை அந்த 40 பக்கத்தை மாவட்ட மைய நூலகத்தில் படித்துவிட்டு வாங்குங்கள்.

கே: விடுதியில் நாலு பேர் சேர்ந்து 900 பக்க நாவல் வாங்கினோம். கெட்டி அட்டை, ₹1,200. மூன்றாவது ஆள் கைக்குப் போனபோதே தாள்கள் உதிர ஆரம்பித்தன. நாங்கள் முரட்டுத்தனமாகக் கையாண்டோம் என்கிறது பதிப்பகம்.
– முதுகலை மாணவி, கோவை

ப: நாலு பேர் படிப்பது முரட்டுத்தனமா? நாலு பேர் படிக்கத்தானே புத்தகம். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

பைண்டிங்கில் இரண்டு வகை. ஃபாரங்களை மடிப்போடு வைத்து நூலால் தைப்பது ஒன்று. மடிப்பையே வெட்டி எறிந்துவிட்டு, தனித்தனித் தாள்களின் ஓரத்தைச் சுரண்டி, சூடான பசையில் முக்கி அட்டையை ஒட்டுவது மற்றொன்று. இதற்கு ‘பர்ஃபெக்ட் பைண்டிங்’ என்று பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம். 200 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு ஒட்டு போதும். 900 பக்கத்துக்கு அந்தப் பசை தாங்காது. நடுப்பக்கத்தை விரிக்கும்போதெல்லாம் முதுகு வளைகிறது, வழக்கமான பசை காலப்போக்கில் இறுகி வெடிக்கிறது. ஓரத்தைச் சரியாகச் சுரண்டாவிட்டால் பசை தாளுக்குள் இறங்காது, புதிதாக இருக்கும்போதே தாள் கையோடு வரும். தாளின் இழை முதுகுக்குக் குறுக்கே ஓடினாலும் இதே கதிதான்: பக்கம் படியாது, முறைத்துக்கொண்டு நிற்கும், விரலால் அழுத்த அழுத்தப் பசை விடும்.

உங்களுக்கு நடந்தது இதைவிட மோசம். ஒட்டுப் போட்ட தாள்கட்டின் மேல் கெட்டி அட்டையைப் போட்டு, ‘நூலகப் பதிப்பு’ என்று விலையை ஏற்றி விற்பது. அட்டை கெட்டியாக இருந்தால் உள்ளே தைத்திருப்பார்கள் என்று வாங்குகிறவர் நம்புகிறார், அந்த நம்பிக்கைக்குத்தான் கூடுதல் விலை. என் அலமாரியிலும் அப்படி ஒரு முழுத் தொகுப்பு நாலு துண்டாகக் கிடக்கிறது.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். புத்தகத்தை நிறுத்திவைத்து முதுகின் மேல் முனையைப் பாருங்கள். தைத்த புத்தகத்தில் தாள்கள் சிறு சிறு வளைவுகளாக, கட்டுக் கட்டாகத் தெரியும். ஒட்டுப் புத்தகத்தில் வெட்டிய ஓரம் ஒரே நேர்கோடு. மேல் முனையில் ஒட்டியிருக்கும் வண்ணத் துணிப் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது அலங்காரம். சந்தேகம் தீராவிட்டால் ஒரு கட்டின் நடுவைத் திறங்கள், 8க்கும் 9க்கும் நடுவே, 24க்கும் 25க்கும் நடுவே என்று. நூல் தெரிய வேண்டும். முன்பக்கங்களுக்கு எண் போடாத புத்தகத்தில் இந்தக் கணக்கு ஓரிரு தாள் தள்ளிப்போகும்.

உதிர்ந்ததை செலோ டேப்பால் ஒட்டாதீர்கள். இரண்டு வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் எடுத்துக்கொண்டு போகும். பதிப்பகத்துக்கு உதிர்ந்த முதுகின் படத்தோடு எழுத்தில் புகார் கொடுத்து 15 நாள் அவகாசம் கொடுங்கள். அசையாவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வாங்கிய ஊர் எதுவானாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். இரண்டு வருடக் கெடு இருக்கிறது. கேளுங்கள், விடாதீர்கள்.

கே: இன்ஸ்டாவில் விளம்பரம்: ‘பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் ₹299’. பணம் அனுப்பினேன். வந்தது ஒல்லியான மூன்று புத்தகம். இது திருட்டுப் பதிப்பா?
– டிப்ளமோ மாணவர், சேலம்

ப: விலை குறைவு என்பதால் மட்டும் திருட்டுப் பதிப்பு ஆகிவிடாது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, யாரும் அச்சிடலாம். அதனால்தான் சந்தையில் இத்தனை பதிப்புகள், இத்தனை விலைகள், இத்தனை எழுத்துப்பிழைகள். உங்களுக்கு வந்திருப்பது சுருக்கம். முழு நாவலில் ஐந்து பாகங்களுக்கும் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள், மொத்தம் 293. பொருளடக்கத்தை எண்ணினால் தெரிந்துவிடும். ஐந்து பாகமும் என்று சொல்லிச் சுருக்கத்தை அனுப்பியது ஏமாற்று.

முகவரி இல்லாத பக்கத்துக்கு, ஒரு தனி ஆளின் யுபிஐ எண்ணுக்கு, முன்பணமாக முழுத்தொகை! இதே கடிதம் வாராவாரம் வருகிறது, ஊர் மட்டும் மாறுகிறது. போகட்டும். விளம்பரம், உரையாடல், பணம் போன பதிவு எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு 1930க்கு உடனே அழையுங்கள். இணைய மோசடிக்கான எண் அது. தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை மறிப்பது கடினம். வங்கிச் செயலியிலும் புகாரைப் பதியுங்கள். இடைப்பட்ட காலத்தில் முழு நாவலையும் தமிழ் நூல்களை மின்நூலாக்கித் தரும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

கே: ஒரு புதிய நாவலை ஒரே வாரத்தில் ஆறு ரீல்ஸ் பக்கங்கள் ‘வாழ்க்கையையே மாற்றியது’ என்றன. வாங்கிப் படித்தேன், சவசவ. காசு வாங்கிப் பேசினார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– பொறியியல் மாணவி, சென்னை

ப: காசோ இலவசப் பிரதியோ வாங்கியிருந்தால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி. ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளித்துவைத்தால் செல்லாது. நடைமுறையில் பேச்சைக் கவனியுங்கள். ஆறு பேரும் பின்னட்டையில் இருக்கும் அதே வரியைச் சொன்னால், நூறாம் பக்கத்துக்குப் பின் நடப்பது எதுவும் ஒருவர் வாயிலும் வராவிட்டால், அது மதிப்புரை இல்லை. பிடிக்காத ஒரு இடத்தையாவது சொல்கிறவரை நம்பலாம்.

கே: ஆறு அங்குல மின்வாசிப்பான் வாங்கினேன். மின்நூலகத்தில் இறக்கிய பழைய தமிழ் பி.டி.எஃப்.கள் எறும்பு எழுத்தில் தெரிகின்றன. கருவியில் கோளாறா?
– ஆய்வு மாணவர், மதுரை

ப: கருவி நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கோப்புகள் பக்கத்தைப் படம் பிடித்தவை. டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் பக்கம் எட்டரை அங்குல உயரம், அதை உங்கள் திரையில் திணித்தால் எறும்புதான். படத்துக்கு எழுத்துருவைப் பெரிதாக்க முடியாது. ஓரங்களை வெட்டிவிட்டு, கருவியைக் கிடைவசத்தில் வைத்து அரைப் பக்கமாகப் படித்தால் ஓரளவு சமாளிக்கலாம். வேலையே ஸ்கேன் நூல்களில்தான் என்றால் பத்து அங்குலத் திரை வேண்டும். எழுத்தைப் பெரிதாக்க வசதியுள்ள இபப் (EPUB) கோப்பாகக் கிடைப்பவை ஆறு அங்குலத்திலும் அழகாக ஓடும்.

கே: என் கவிதைகளை நூலாக்க ₹18,000 கேட்கிறார்கள். அதில் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கு மட்டும் ₹3,500. நியாயமா?
– பி.ஏ. மாணவர், தஞ்சாவூர்

ப: ஒவ்வொரு நூலுக்கும் தரப்படும் அடையாள எண்தான் ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் அது இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை தருகிறது, எழுத்தாளரே இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். இலவசப் பொருளுக்கு ₹3,500 போடுகிறவர் மீதி ₹14,500இல் என்ன செய்திருப்பார் என்று யோசியுங்கள். எத்தனை பிரதி, எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாள், உரிமை யாரிடம், விற்காத பிரதிகள் யாருடையவை என்ற நாலையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காசு கொடுத்துவிட்டிருந்தால் மறுபடி எழுதுங்கள், திரும்பக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது எப்படி என்று சொல்கிறேன்.

கே: நண்பனுக்கு ₹120 புத்தகம் அனுப்ப கூரியர் ₹110 கேட்கிறது. புத்தகத்துக்கென்று மலிவாக இருந்த புக் போஸ்ட் தபாலும் இல்லையாமே?
– ஐ.டி.ஐ. மாணவர், தூத்துக்குடி

ப: 2025 மே 1 முதல் தபால் துறையில் ‘ஞான் போஸ்ட்’ இருக்கிறது. 300 கிராம் வரை ₹20, அதிகபட்சம் 5 கிலோவுக்கு ₹100, வரி தனி. தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் சேரும், எங்கே போகிறதென்று பார்த்துக்கொள்ளலாம். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் இருக்க வேண்டும்.