துவரம்பருப்பு ஏன் மூன்று இடத்தில் வருகிறது?

கேள்வி: மீலி (Mealie) என்ற சமையல் குறிப்பு மென்பொருளில் எங்கள் வீட்டுச் சமையல் குறிப்புகளைத் தமிழில் ஏற்றியிருக்கிறேன். ஒரு வாரச் சமையலை மளிகைப் பட்டியலில் சேர்த்தால் துவரம்பருப்பு மூன்று இடத்தில் வருகிறது. தக்காளி ஓரிடத்தில் ‘4’, இன்னோரிடத்தில் ‘250 கிராம்’. என்ன செய்வது?

பதில்: கோளாறு பட்டியலில் இல்லை, குறிப்பில் பொருளை எழுதிய விதத்தில்தான். ‘1 கப் துவரம் பருப்பு, ஊறவைத்தது’ என்று ஒரே வரியாகக் கிடந்தால் மென்பொருளுக்கு அது வெறும் வாசகம். அளவு 1, அலகு கப், பொருள் துவரம்பருப்பு, ‘ஊறவைத்தது’ கூடுதல் குறிப்பு என்று நான்கு தனிப் பெட்டிகளில் பிரித்தால்தான் கூட்ட முடியும். பிரித்துத் தர ‘பார்ஸ்’ வசதி உண்டு. ஆனால் வரியைப் பிரிக்கும் அதன் மொழிப்பகுப்பான் ஆங்கிலத்தில் பழகியது. தமிழ் வரிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே சேமியுங்கள்.

அடுத்தது எழுத்துக்கூட்டல். ‘துவரம்பருப்பு’, ‘துவரம் பருப்பு’ இரண்டும் ஓர் இடைவெளியால் தனித்தனிப் பொருளாகிவிடும். தரவு மேலாண்மைப் பக்கத்தில் ‘ஃபுட்ஸ்’ (உணவுப் பொருட்கள்) பட்டியலைத் திறந்து, இரண்டையும் ஒன்றாக்க ‘கம்பைன்’ கொடுங்கள். மூலமாகத் தரும் பெயர் அழியும், இலக்காகத் தரும் பெயர் நிற்கும். எல்லாச் சமையல் குறிப்புகளிலும் பெயர் தானே மாறும். எது மூலம், எது இலக்கு என்பதை அழுத்துமுன் இருமுறை பாருங்கள். சின்ன வெங்காயத்தைச் சாம்பார் வெங்காயம் என்றும் எழுதுபவர்கள் அதை மாற்றுப்பெயராகச் சேர்த்துவிடலாம்.

தக்காளி விஷயத்தில் எண்ணிக்கையையும் கிராமையும் மென்பொருளால் ஒன்றாகக் கூட்ட முடியாது. கடையில் எடை போட்டு வாங்குவதைக் குறிப்பிலும் கிராமிலேயே எழுதுங்கள்: நடுத்தரத் தக்காளி ஒன்றுக்குச் சுமார் 80 முதல் 100 கிராம், 240 மில்லி கப் துவரம்பருப்புக்குச் சுமார் 200 கிராம். ‘எலுமிச்சை அளவு புளி’யை 25 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: உப்பு, மஞ்சள்தூள் எல்லாம் ஒவ்வொரு முறையும் வருகின்றனவே?

பதில்: அந்தப் பொருளைத் திறந்து ‘ஆன் ஹேண்ட்’ (கையிருப்பில் உள்ளது) என்பதைத் தேர்வு செய்யுங்கள். குறிப்பைப் பட்டியலில் சேர்க்கும்போது அது தேர்வாகாமல் நிற்கும். டப்பா காலியாகும்போது கையால் சேர்க்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான். ‘அரை டீஸ்பூன் மஞ்சள்தூள்’ என்று கடைக்குப் போவதில் பயனில்லை.

கூடவே ஒவ்வொரு பொருளுக்கும் காய்கறி, மளிகை, பால் என்று லேபிள் கொடுத்து, நீங்கள் கடைக்குப் போகும் வரிசையில் லேபிள்களை அடுக்குங்கள். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் லேபிள் இல்லாமல் விடுபட்டால் பட்டியலில் தனியே ஒதுங்கி, கண்ணில் படாமல் போகும்.